பதினோராவது வாரம்

1

போன மாதம் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'அன்புள்ள திரு. சாமுவேல் அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தது. அந்தத் திரு. சாமுவேல் நான்தான்.

மெல்பர்னுக்கு வந்த முதல் வாரத்திலேயே என் பெயர் என் கையை விட்டுப் போய்விட்டது. படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எஸ். ஸ்டெல்லா என்று இருபத்துநாலு வருஷம் வாழ்ந்தவள் குடும்பப் பெயருக்கு எங்கே போவாள்? இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை எழுதினேன். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து, நான் பள்ளியில் படிக்கும்போதே செத்துப்போன என் அப்பாவை இங்கே வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் 'மிஸ் சாமுவேல்' என்று கூப்பிடுகிறார்கள். மாற்றலாம்தான். அதற்கு ஒரு படிவம், அந்தப் படிவத்துக்கு ஒரு சத்தியப் பத்திரம், அந்தப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு மருந்துக்கடைக்காரர். மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவர் பேனாவை எடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போதும் என்று விட்டுவிட்டேன்.

சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் கடிதங்களுக்குக் கீழே 'எஸ். சாமுவேல்' என்றுதான் போடுவேன். செயலாளர் என்றால் ஆம்பளையாகத்தான் இருக்கும் என்று மின்னஞ்சல் எழுதியவர் முடிவு செய்துகொண்டார். அவர் ஓர் எழுத்தாளர். முப்பது வருஷமாக வார இதழ்களில் எழுதுகிறவர். மகளின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மனைவியோடு மெல்பர்னுக்கு வந்திருக்கிறார். சங்கத்தில் ஓர் உரை நிகழ்த்த விருப்பம். தலைப்பையும் அவரே கொடுத்திருந்தார்: 'நம் கதைகளில் பெண், அன்றும் இன்றும்.'

கீழே அவர் பெயர்.

கம்ப்யூட்டரை மூடினேன். அரிசி களைந்து குக்கரில் வைத்தேன். மறுபடி திறந்து பார்த்தேன். பெயர் அப்படியே இருந்தது. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். எட்டு வருஷமாக நான் நகத்தைத் தீட்டிக்கொண்டிருந்த பூனை. 'ஐயாவின் வருகை எங்கள் பாக்கியம்' என்று பதில் எழுதினேன்.

2

செம்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் எங்கள் வாடகை வீடு. கீழே நானும் அம்மாவும், மேலே எழுத்தாளர் குடும்பம். அம்மா நர்சரி பள்ளியில் டீச்சர். ரோஸி டீச்சர் என்றால் காமராஜபுரம் வரைக்கும் தெரியும். அம்மாவுக்கு இருந்த ஒரே செலவாளிப் பழக்கம் வார இதழ்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். என் மகள் ரூத்துக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வாரா வாரம் இதழின் பின்னைக் கழற்றி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி, ஓரத்தில் நூல் போட்டுக் கோத்து வைப்பாள் அம்மா. முப்பது நாற்பது வாரத்தில் கதை முடிந்ததும் தாம்பரம் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போய், காலிகோ முதுகு போட்டு பைண்டு செய்து வாங்கி வருவாள். தெருவே இரவல் வாங்கிப் படிக்கும்.

அம்மாவின் அலமாரியில் இருபது வருஷத்துப் பெண்கள் இருந்தார்கள். பழைய பைண்டுகளில் கதாநாயகி தலை குனிந்தபடியே இருப்பாள். ஓவியர் அவளுக்குக் கண்ணைப் போட்டாரா என்றே தெரியாது, இமைதான் தெரியும். கொஞ்சம் தள்ளி வந்தால் தோளில் கைப்பையும் கையில் டிபன் பாக்ஸுமாக பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். அவள் சம்பாதிக்கலாம் என்று அதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அழுவதை மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த பைண்டில் தாவணி போய் சுடிதார் வந்தது, ஷாலின் இரண்டு பக்கமும் பின் குத்தியிருக்கும். எங்கள் கல்லூரியிலும் அப்படித்தான் குத்த வேண்டும், வாசலிலேயே ஒரு மேடம் நின்று பார்ப்பார்.

நல்லவள் இப்படி நாலு தடவை உடை மாற்றிக்கொண்டாள். கெட்டவள் மாற்றவே இல்லை. முதல் பைண்டிலிருந்து கடைசி பைண்டு வரை அவளுக்கு ஒரே உடை. ரவிக்கையோ சட்டையோ கவுனோ, கை இருக்காது. முடி தோளோடு நின்றுவிடும். பெயரும் மாறாது. ரீட்டா என்றால் ஆடுவாள். ஜூலி என்றால் குடிப்பாள். ஸ்டெல்லா என்றால் முதலாளி அறைக்கு வெளியே டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பாள், முதலாளியின் மனைவி பூஜை அறையில் அழுதுகொண்டிருப்பாள்.

பதின்மூன்று வயதில் ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், "ஏம்மா, கெட்டவளுக்கெல்லாம் நம்ம ஆளுங்க பேரே வெக்கிறாங்க?"

அம்மா நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னாள், "கதைதானடி. நம்ம பேரு ஸ்டைலா இருக்குதுன்னு வெக்கிறாங்க."

அந்த பைண்டுகளில் பாதி மேல்வீட்டுக்காரர் எழுதியது. அம்மாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. கிறிஸ்மஸ் கேக்கில் முதல் துண்டு மேலேதான் போகும்.

3

படிப்பை முடித்ததும் எனக்கு கால் சென்டரில் வேலை கிடைத்தது. 2001. அப்போது தாம்பரம் பக்கம் அது புது வேலை. ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரன் வீட்டு வாஷிங் மெஷினுக்கு வைத்தியம் சொல்லிவிட்டு, ஆறு மணிக்கு பால் பாக்கெட் வரும் நேரத்தில் கம்பெனி கேப்பில் வந்து இறங்குவேன். கேப் ஓட்டிய முருகேசு அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தி, நான் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கிளம்புவார். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. முன்பின் தெரியாத மனுஷனின் கோபத்தை ஐந்து நிமிஷத்தில் இறக்கிவிடுவது ஒரு வித்தை, அது எனக்கு வந்தது.

மேல்வீட்டில் அபிராமி, எழுத்தாளரின் ஒரே மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நான் எழுந்ததும் ஸ்போக்கன் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளக் கீழே வருவாள். அவள் அப்பாவின் புதுத் தொடர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பில் நிலாவும் இருந்தது, நெருப்பும் இருந்தது. அவர் தலைப்புகளில் இரண்டும் இல்லாமல் இருக்காது. அம்மா பத்து வாரம் கோத்து வைத்திருந்தாள்.

அந்த ஐப்பசியில் அடைமழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. தி.நகரில் வாங்கிய மஞ்சள் சுடிதார் டாப்ஸ் ஒன்று புதிதாக இருந்தது. ரெடிமேட் டாப்ஸை எப்படி விற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கை தைக்காமல், இரண்டு கைத்துண்டுகளையும் உள்பக்கம் பின் குத்தி வைத்திருப்பார்கள், வேண்டுமானால் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். நானும் தைக்கத்தான் கொண்டுபோனேன். கேம்ப் ரோடு டெய்லர், "தீபாவளி ரஷ்ஷும்மா, பத்து நாள் கழிச்சிக் குடு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேறு வழியில்லாமல் ஒரே ஒரு நாள் அதை அப்படியே போட்டுக்கொண்டு, மேலே ஷாலைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். காலையில் கேப்பிலிருந்து இறங்கி ஓடும்போது மழையில் நனைந்த ஷால் நழுவியது. மேலே பார்த்தேன். பால்கனியில் அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். "குட் மார்னிங் அங்கிள்" என்றேன். அவரும் "குட் மார்னிங்மா" என்றார்.

மூன்று வாரம் கழித்துத் தொடரின் பதினோராவது அத்தியாயம் வந்தது. கதாநாயகனின் ஆபீசில் புதிதாக ஒருத்தி சேருகிறாள். அவள் பெயர் ஸ்டெல்லா. மஞ்சள் சட்டை, கை கிடையாது. விடியற்காலையில் காரில் வந்து இறங்குகிறாள். டிரைவர் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். படத்தில் ஓவியர் தன் பங்குக்கு என் பின்னலை வெட்டி, விரலில் ஒரு சிகரெட்டையும் கொடுத்திருந்தார். எழுத்தாளர் சிகரெட் எழுதவில்லை. ஓவியருக்கு அது இல்லாமல் ஸ்டெல்லா வராது போலிருக்கிறது.

முருகேசு அண்ணன்தான் முதலில் கேட்டார். "இன்னாமா, உங்க மேல்வூட்டு ரைட்டரு நம்மள வெச்சி கதை எழுதிகினு கீறாராமே? எம் பொண்டாட்டி படிச்சிட்டு பேஜார் பண்றாமா. 'யார்ரா அந்த மஞ்ச சட்டை'ன்றா. நான் இன்னா சொல்றது?"

தெருவில் எல்லோரும் படித்திருந்தார்கள். தண்ணி லாரி வரிசையில் பேச்சு நின்றது. எங்கள் சர்ச் கொயரில் பாடவைக்கும் ஆன்ட்டி, "கொஞ்ச நாள் பின்வரிசையில நில்லும்மா" என்றார். இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அம்மாவின் வாய்தான் எனக்கு முக்கியம்.

அம்மா அந்தப் பக்கங்களை உருவவில்லை. இதழை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மூன்று நாள் பேசாமல் இருந்தாள். நாலாவது நாள் நான் சாப்பிட உட்கார்ந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஸ்டெல்லா, உண்மையைச் சொல்லு. நீ வேலைக்குத்தான் போறியா?"

இருபத்து மூன்று வருஷம் என்னை வளர்த்தவள். அந்த டாப்ஸை நீலம் வேண்டாம், மஞ்சள் எடு என்று கடையில் எடுத்துக் கொடுத்ததே அவள்தான். கைத்துண்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்தவளும் அவளே. ஆனால் இருபது வருஷமாக அலமாரியிலிருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு எதிராகச் சாட்சி சொன்னபோது அம்மா அவர்களைத்தான் நம்பினாள். மறுநாள் வேலையை விட்டேன்.

மேலே போய்க் கேட்டேன். கேட்காமல் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே, "கதையைக் கதையா பாரும்மா. உலகத்துல ஒரே ஒரு ஸ்டெல்லாவா இருக்கா?" என்றார். அப்போது அபி உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது. அவளைக் கீழே அனுப்புவதை அதற்கு முந்தின வாரமே நிறுத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து அந்தத் தொடரை நான் வாங்கினேன். தாம்பரம் ஸ்டேஷன் கடையில், வாரம் தவறாமல், முப்பத்தாறாவது வாரம் வரை. பதினோராவது வாரம் கட்டிலுக்கு அடியிலேயே கிடைத்தது, பழைய இதழ்க் கடையில் தேடி முதல் பத்து வாரத்தையும் சேர்த்தேன். கதையில் ஸ்டெல்லா கடைசியில் லாரியில் அடிபட்டுச் சாகிறாள், முதலாளியின் மனைவி மன்னித்துப் பூ வைக்கிறாள். அம்மா செய்வதைப் போலவே பின் கழற்றி, நூல் கோத்து, காலிகோ போட்டு பைண்டு செய்தேன். அம்மா ஆசையால் பைண்டு செய்வாள், நான் வஞ்சத்தால் செய்தேன். பதினோராவது வாரத்துக்கு அடையாளமாக அந்த இரண்டு மஞ்சள் கைத்துண்டுகளையும் மடித்து வைத்தேன்.

4

அடுத்த வருஷம் கல்யாணமாகி இங்கே வந்தபோது விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். புளியை விட்டுவிட்டு அதிகாரி அந்த பைண்டைத்தான் கையில் எடுத்தார். பக்கங்களைப் புரட்டி, மத நூலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தினமும் வாசிப்பீர்களா என்றார். வாசிக்காத நாள் இல்லை என்றேன். மரியாதையோடு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது எனக்கு வேலை கவுன்சில் ஆபீசில், மறுபடி தொலைபேசிதான். குப்பைத்தொட்டியை எடுக்கவில்லை, மரம் விழுந்துவிட்டது, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. ஆறு மணி ஷிஃப்டுக்கு இருட்டிலேயே கிளம்புவேன், எந்த பால்கனியிலும் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. வந்த புதிதில் ஒரு கிழவி தன் குப்பைத்தொட்டி தொலைந்துவிட்டது என்று அழுதாள். நம் ஊர் வழக்கத்தில் 'ஐயோ பாவம், சாப்பிட்டீர்களா' என்று கேட்டுவிட்டேன். மேலாளர் கூப்பிட்டு அது ஸ்கிரிப்டில் இல்லை என்றார்.

ரூத்துக்கு ஆறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். எங்கள் வீட்டில் தமிழ் என்பது நானும் என் கணவர் பிரபுவும் போட்டுக்கொள்ளும் சண்டையின் மொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் பள்ளியில் அம்மாவை வரையச் சொல்லியிருக்கிறார்கள். காதில் ஹெட்போன், கறுப்பு பேன்ட், நீளப் பின்னல். வாய் ஒரு நேர்கோடு. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும்போது, "அம்மா, யூ ஆர் ஆல்வேஸ் கிராஸ்" என்றாள். ஆமாம் கண்ணு, கோபம்தான் என்றேன். என் பின்னலை வெட்டாமல் என்னை வரைந்த முதல் ஆள் அவள்தான்.

உரைக்கான ஏற்பாடுகளை நானே பார்த்துக்கொண்டேன். நூலகத்தின் பின்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். பேச்சாளரால் யாருக்காவது காயம் ஏற்பட வாய்ப்புண்டா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. உண்டு என்று எழுதக் கை பரபரத்தது, இல்லை என்று எழுதினேன்.

நேரம் குறிக்க அபி போன் செய்தாள். என் குரல் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

"சண்டே சாயங்காலமா வெச்சிக்கலாமா மேடம்? நான் ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன், நைட் ட்யூட்டி. காலைல ஆறு மணிக்கு டாக்ஸில வருவேன். அப்பாதான் பாப்பாவைத் தூக்கிட்டு வந்து கதவு திறப்பார். கொஞ்சம் தூங்கி எழுந்து வந்துடுவேன்."

"தாராளமாம்மா" என்றேன். போனை வைத்த பிறகும் அந்த வாக்கியம் காதில் இனித்தது. அப்பாதான் கதவு திறப்பார்.

எழுத்தாளருக்கு இன்னொரு மின்னஞ்சல் எழுதினேன். உரைக்குப் பிறகு ஐயா தம்முடைய பழைய தொடரிலிருந்து ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், பிரதி சங்கத்திடம் உள்ளது. 'என்னிடமே அதன் பிரதி இல்லை, கடல் கடந்தும் பாதுகாத்த தமிழ் உள்ளத்துக்கு நன்றி, திரு. சாமுவேல்' என்று பதில் வந்தது.

5

கோடைக்கால ஞாயிறு. கூடத்தில் நாற்பது பேர், கேசரி, சுண்டல். வாசலில் எங்கள் சங்கத் தலைவர் நடராஜன் அண்ணா அவரை வரவேற்றுக் கூட்டி வந்தார். முடி நரைத்திருந்தது, குரல் அதேதான். நான் கும்பிட்டேன். என்னைப் பார்த்தார், சிரித்தார், 'திரு. சாமுவேல் வரவில்லையா' என்று அண்ணாவிடம் கேட்டார். என்னை அவருக்குத் தெரியவில்லை. கொன்றவருக்குச் செத்தவள் முகம்கூட ஞாபகம் இல்லை. அதில்தான் எனக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது.

அபி தாமதமாக ஓடிவந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். தூக்கம் தீராத கண்கள். பச்சை நிறத்தில் கையில்லாத மேல்சட்டை. மேடையில் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்த என்னைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

அவர் நாற்பது நிமிஷம் பேசினார். நன்றாகவே பேசினார். அந்தக் காலக் கதைகளில் பெண்ணைத் தெய்வமாக்கினார்கள் அல்லது தேவடியாளாக்கினார்கள், மனுஷியாக்கவில்லை என்றார். ஓவியங்களில் அவள் தலை நிமிரவே ஐம்பது வருஷமாயிற்று என்றார். உடையை வைத்து ஒழுக்கத்தை அளந்தது நம் எழுத்தின் பாவம் என்றார். அவருடைய புதுத் தொடரின் கதாநாயகி ஜீன்ஸ் போடுகிறாளாம், ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட் போகிறாளாம். "என் பெண்கள் எப்போதுமே காலத்துக்கு ஒரு அடி முன்னால் நடந்தவர்கள்" என்று முடித்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்புறம் பைண்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்து வைத்தேன். ஆசையாகத் தடவிப் பார்த்தார். அவர் தூக்கிப் பிடித்தபோது கைத்துண்டுகள் இரண்டும் கீழே விழுந்தன. குனிந்து எடுத்தார். கைக்குட்டை என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"'பொழுது இன்னும் முழுசாக விடியவில்லை. பால்காரனுக்கு முன்பே அந்தக் கார் தெருவுக்குள் நுழைந்தது. கதவு திறந்தது. முதலில் ஒரு செருப்பு இறங்கியது, பிறகு...'"

நிறுத்தினார். கண்ணை அடுத்த வரிகளில் ஓட்டினார். "'பிறகு அவள் இறங்கினாள்'" என்றார்.

"சார், அங்க பேரு போட்டிருக்கு" என்றேன்.

என்னைப் பார்த்தார். சட்டையில் நான் குத்தியிருந்த பெயர் அட்டை தமிழில் இருந்தது. அன்று மட்டும் சாமுவேலை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அட்டையைப் படித்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் படித்தார். கையிலிருந்த மஞ்சள் துணியை மேஜைமேல் வைத்தார்.

நடராஜன் அண்ணா என் பக்கம் சாய்ந்து, "என்னம்மா ஸ்டெல்லா, பெரியவர் டயர்டா இருக்கார், விட்டுடலாமே" என்றார்.

"ரெண்டு வரிதான் அண்ணா. படிங்க சார்."

படித்தார். வேறென்ன செய்வார்? நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "'பிறகு ஸ்டெல்லா இறங்கினாள். கையில்லாத மஞ்சள் சட்டை. டிரைவரின் சிரிப்பில் ராத்திரி மிச்சமிருந்தது. நல்ல குடும்பத்துப் பெண்கள் கோலம் போட எழுந்திருக்கும் நேரத்தில், ஸ்டெல்லா மாதிரிப் பெண்கள் வீடு திரும்பினார்கள்.'"

கூடத்தில் ஒரு குழந்தை மட்டும் ஏதோ கேட்டது, யாரோ அதட்டினார்கள். முன்வரிசையில் அபி எழுந்து நின்றாள்.

"அப்பா, இது நம்ம கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்காவா?"

அவர் பைண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் அந்த நேரத்துக்குத்தானேப்பா வர்றேன்" என்றாள் அபி.

எட்டு வருஷமாக எத்தனையோ விதமாக அந்த நிமிஷத்தை நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவற்றில் எதிலும் இந்த வாக்கியம் இல்லை. நான் எழுதியிருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

6

கேசரி சாப்பிடும் நேரத்தில் அவர் என்னிடம் வந்தார். "அந்த வாரம் எடிட்டர் அவசரப்படுத்தினாரும்மா. வில்லி ஒருத்தி வேணும், வியாழக்கிழமைக்குள்ள வேணும்னார். பால்கனியிலேர்ந்து பார்த்தேன், நீ இறங்கினே. அவ்வளவுதான். உன்மேல எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது."

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இரட்டிப்பானது. விரோதம் என்றாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும்.

"கையெழுத்து வேணும் சார்" என்றேன். பைண்டின் முதல் வெற்றுப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். வாசகர்களுக்குப் போட்டுப் போட்டுப் பழகிய கை, பேனா பட்டதும் 'அன்புடன்' என்று எழுதிவிட்டது.

"அதை அடிங்க சார். நான் சொல்றேன், எழுதுங்க."

அடித்தார். நான் சொன்னேன், அவர் எழுதினார்: 'இந்தக் கதையில் வரும் ஸ்டெல்லா என் கற்பனை. எங்கள் கீழ்வீட்டு ஸ்டெல்லா அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள்.' கீழே கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அபி காரில் ஏறும் முன் என்னிடம் வந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். "போன்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. நான் கேட்டிருப்பேன் அவரை" என்றாள்.

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டாரே."

"என்னையும்தானேக்கா உட்காரவெச்சீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அது உண்மைதான். அவள் பிழைப்பையும் சட்டையையும் நான் ஆயுதமாக எடுத்துக்கொண்டேன். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்பேன். அவள் அப்பாவை நான் மன்னிக்கவில்லை, இதை எழுதும் இந்த நிமிஷம் வரை.

அந்தப் பக்கத்தை பைண்டிலிருந்து கிழித்து செம்பாக்கத்துக்குத் தபாலில் அனுப்பினேன். பன்னிரண்டு நாள் கழித்து, போன் கார்டு சுரண்டி அம்மாவைக் கூப்பிட்டேன். கிடைத்தது என்றாள். அப்புறம், "பாவம்டி அவரு. வயசான காலத்துல, நாலு பேர் முன்னாடி" என்றாள்.

பாவம். எட்டு வருஷமாக அம்மா வாயிலிருந்து எனக்கு வரும் என்று காத்திருந்த சொல். தூக்கி அவருக்குக் கொடுத்துவிட்டாள்.

"எனக்கு அப்ப இருபத்து மூணு வயசும்மா" என்று கத்தினேன். கார்டின் பதிவுக் குரல்காரி குறுக்கே வந்து இன்னும் மூன்று நிமிஷம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன்.

இந்தக் குறிப்பில் என்னோடு பேசிப் பழகியவர்களுக்கெல்லாம் பெயர் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கேப் ஓட்டியவருக்குக்கூட இருக்கிறது. எழுத்தாளருக்கு மட்டும் இல்லை. மறந்துபோய் விடவில்லை. முப்பது வருஷமாகப் பெயருக்காக எழுதியவர், என் பெயரை எடுத்துக்கொண்டவர். என் எழுத்தில் அவருக்குப் பெயர் கிடையாது.

நேற்று அம்மாவே கூப்பிட்டாள். வெளிநாட்டுக்குக் கூப்பிட்டால் பில் ஏறும் என்று ஒருநாளும் கூப்பிடாதவள்.

"மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்டி. அந்தத் தொடர் பழசு கெடந்துச்சே, அதை பைண்டு பண்ணிட்டேன்."

"வெறும் பத்து வாரத்தையா?"

"பதினொண்ணு. நீ அனுப்பின பக்கத்தையும் சேத்துத் தெச்சிட்டேன்."

"அப்புறம் மிச்சக் கதை?"

"மிச்சம் என்ன மிச்சம்? நீ வேலை முடிஞ்சி வீட்டுக்கு வந்துட்டே. அதோட முடியுது" என்றாள் அம்மா.